கோல்டன் லிசர்ட் குழுவின் உண்மை வரலாறு

காஞ்சிபுரத்தில் வரலாறு சொல்வது சுலபமான தொழில். கோயில் வாசலில் நிற்கும் கைடு ஒரு தூணைத் தட்டி, இதற்கு ஆயிரத்து ஐந்நூறு வயசு என்பான். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதே தூணை இரண்டாயிரம் ஆக்கிவிடுவான். தூண் மறுத்துப் பேசாது. அந்தத் தைரியத்தில்தான் நானும் எங்கள் இசைக்குழுவின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். என் கெட்ட நேரம், எங்கள் குழுவில் இருந்தவர்கள் தூண்கள் இல்லை. அவர்களில் ஒருவன் ரயிலேறி நேரிலேயே வந்துவிட்டான்.

என் பெயர் பார்த்தசாரதி. சின்ன காஞ்சிபுரத்தில் பாச்சா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். குழுவில் நான் கீபோர்டு. நன்றாக வாசிப்பேனா என்றால், மாட்டேன். ஆனாலும் என்னைக் கழற்றிவிட அவர்களுக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் போன் இருந்தது. அப்பா இங்கிலீஷ் வாத்தியார் என்பதால் எனக்கு நாலு வரி இங்கிலீஷ் பிழையில்லாமல் எழுத வரும். கடிதம், விண்ணப்பம், புளுகு மூன்றும் என் இலாகா.

ஆரம்பம் 1996. என் அத்தை பிள்ளை ஸ்ரீகர் பூணூல் போட்டுக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்தான். போகும்போது எங்கள் பீரோவில் ஒரு கேசட்டை மறந்துவிட்டுப் போனான். மேலே பெயர் கிடையாது, படம் கிடையாது. போட்டுக் கேட்டால் டிரம்ஸ் ஏழு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று ஐந்துக்குத் தாவுகிறது, கிடார் உறுமுகிறது, நடுவில் ஒருவன் யாரோ செத்துப்போன மாதிரி மெதுவாகப் பாடுகிறான். இதற்குப் ப்ராக்ரெஸிவ் மெட்டல் என்று பெயர் என்று ஸ்ரீகர் பிறகு கடிதத்தில் எழுதினான். அவன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் கேசட்டின் ஒரு பக்கத்தில் இருந்தது ஆறு பாட்டு. நடுவில் இடைவெளி விடாமல் பதிவு செய்திருந்தார்கள். நாங்கள் ஒரே பாட்டு என்று நினைத்துவிட்டோம். உண்மை தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று, அதற்குள் 'பாலாறு' என்ற எங்கள் முதல் பாட்டை இருபத்து மூன்று நிமிஷத்துக்குச் செய்து முடித்திருந்தோம். அதில் முதல் சொல் வருவதே பத்தொன்பதாவது நிமிஷத்தில்தான். ஆற்றிலேயே தண்ணீர் வரவில்லை, பாட்டில் சொல் வர என்ன அவசரம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கிடாரும் பாட்டும் விக்ரம். செவிலிமேட்டுக்காரன், சர்ச்சில் வாசித்துப் பழகிய கை. அவன் வீட்டு மொட்டை மாடியில்தான் எங்கள் ஒத்திகை. டிரம்ஸ் பரசுராமன். கூரத்தில் அவன் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்ததால் மைக், ஆம்ப்ளிஃபையர், ஒயர் எல்லாவற்றுக்கும் அவன்தான் கதி. பேஸ் கிடார் உமாபதி. பிள்ளையார்பாளையத்தில் தறி மெக்கானிக்.

உமாபதியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். செவிலிமேட்டுக்கு என் கீபோர்டைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டி, என்னை முன்பாரில் உட்காரவைத்து, முதுகில் பேஸையும் மாட்டிக்கொண்டு மிதிப்பவன் அவன். வழியெல்லாம் நான் பேசுவேன், அவன் மூச்சு வாங்குவான். ஒத்திகை முடிந்தால் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் அம்மா தில்லையம்மாள் வைக்கும் பூண்டுக் குழம்புக்காக நான் ஐந்து வருஷம் என் வீட்டில் பொய் சொன்னேன். கிளம்பும்போது அந்தம்மா என் கையில் இரண்டு ஏலக்காயை வைப்பார். "வாயில போட்டுக்கினு போ. உங்கம்மாவுக்கு மூக்கு ரொம்ப கூர்மைன்னு சொன்னியே" என்பார். என் பொய்க்கெல்லாம் அந்த வீட்டில் எப்போதும் இப்படி ஒரு துணை இருந்தது.

குழுவின் பெயர் என் உபயம். பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்று ஊர் ஊராக வந்து வரிசையில் நிற்கிறார்கள். இத்தனை கூட்டம் சேர்க்கிற பெயர் வேறு எங்கே கிடைக்கும் என்றேன். கோல்டன் லிசர்ட் ஆனோம். என் அம்மா ஜெயலக்ஷ்மி, "பெருமாளாத்துப் பல்லிய இங்கிலீஷ்ல கூப்ட்டா தோஷமில்லையாடா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழு வருஷத்தில் எங்களுக்கு நாலு மேடை கிடைத்தது. நாலிலும் பாதியில் நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் விழாவில் ஒன்பதாவது நிமிஷம் பாஸ்டர் எழுந்து கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின்மேல் டிரம்ஸ் அடிக்க முடியுமா? கல்லூரி விழாவில் கரண்ட்டை நிறுத்தினார்கள். பரசுராமனின் அக்கா குழந்தைக்குக் கூரத்தில் காது குத்தினார்கள், குழந்தை ஊசிக்கு அழவில்லை, எங்களுக்கு அழுதது. ஆடி மாசம் பிள்ளையார்பாளையத்தில் அம்மனுக்குக் கூழ் வார்த்தபோது மட்டும் ஒரு வெற்றி. ஏழு எண்ணிக்கையில் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. நாங்கள் பெருமையோடு இன்னும் வேகமாக வாசித்தோம். குறி கேட்க ஓடியவர்களிடம் அம்மன் சொன்ன முதல் வாக்கு, "இத்த முதல்ல நிறுத்தச் சொல்லு."

1999-இல் எட்டு மாதம் பிரிந்தும் இருந்தோம். பாட்டைக் கிடார் தொடங்குவதா கீபோர்டு தொடங்குவதா என்று எனக்கும் விக்ரமுக்கும் தகராறு. கோயிலில் பெருமாள் முன்னால் யார் முதலில் பாடுவது என்று பெரியவர்களே தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போகிற ஊரில் பிறந்தவன் நான், லேசில் விடுவேனா? ஒருநாள் மாடியில் நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது உமாபதி பேசாமல் தன் பேஸில் நாலு ஸ்வரம் வாசிக்க ஆரம்பித்தான். பரசுராமன் சேர்ந்துகொண்டான். நாங்களும் சேர்ந்துகொண்டோம். தகராறு அதோடு தீர்ந்தது. ஆனால் அது அவனால் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை, அவனும் சொல்லிக்கொள்ளவில்லை.

2001-இல் உமாபதிக்குச் சூரத்தில் ஒரு மில்லில் மெக்கானிக் வேலை கிடைத்தது, போய்விட்டான். தில்லையம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆரணியில் மகளோடு தங்கப் போனார். பேஸ் வாசிக்க ஆளில்லாமல் அந்த வேலையை என் இடது கை பார்த்தது. என் வலது கையே சுமார்தான், இடது கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில் 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஒரு போன். சுகாசினி என்ற பெண். ராக் இசைக்கு ஒரு பத்திரிகை நடத்துகிறாள், நவம்பரில் ஒரு பெரிய கச்சேரியும் ஏற்பாடு செய்கிறாள். எங்கள் ஒரே கேசட்டை எப்போதோ அவளுக்கு அனுப்பியிருந்தேன். "இருபத்து மூணு நிமிஷமும் கேட்டேன்" என்றாள். அப்படிச் சொன்ன முதல் மனுஷி அவள்தான். கடைசி இடம் ஒன்று காலி, நாலு குழு போட்டி போடுகின்றன, திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் குழுவின் வரலாற்றை மெயிலில் அனுப்புங்கள் என்றாள்.

நான் கைடு வேலையை ஆரம்பித்தேன். நாலு மேடை, 'தென்னிந்தியாவின் பல மேடைகள்' ஆயிற்று. பாஸ்டர் ஜெபித்தது, 'மதத் தலைவர்களின் எதிர்ப்பு'. சாமி வந்த அம்மா, 'ரசிகர்கள் தன்னினைவு இழந்ததுண்டு'. ஞாயிற்றுக்கிழமை போனில் படித்துக் காட்டினேன். சுகாசினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பாச்சா, ஆனா மனசத் தொடற மாதிரி ஒண்ணும் இல்லையே" என்றாள்.

மறுநாள் மூன்றரை மணிக்குத் தபால்காரர் கேட்டிலேயே நின்று ஒரு கார்டை நீட்டினார். மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. ஆரணி முத்திரை. 'உமாபதி சூரத்தில் காலமாகிவிட்டான். இப்படிக்கு தில்லையம்மாள்.' ஒரே வரி.

சாவுக் கார்டைப் படித்த இடத்திலேயே கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நான் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை, கிழிக்கவும் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அழ வேண்டும் என்று தோன்றியது நிஜம். ஆனால் மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது, பிரவுசிங் சென்டரில் ஐந்து மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். அழுவதை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தேன். போய் உட்கார்ந்து, உமாபதியைப் பற்றி ஒன்பது வரி இங்கிலீஷில் எழுதினேன். இறந்த நண்பனின் பேஸ் இன்னும் மாடியில் சாய்ந்து நிற்கிறது என்று முடித்தேன். பேஸ் சூரத்தில் இருந்தது. பழைய குரூப் போட்டோவில் அவன் முகத்தை மட்டும் வெட்டி இணைத்தேன். நாலரைக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

பிறகுதான் மற்ற இரண்டு பேருக்கும் சொன்னேன். பரசுராமன் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். விக்ரம் சுவர் பக்கம் திரும்பி நின்றான், தோள் குலுங்கியது. நான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், ஆரணி பஸ் நேரம் விசாரித்தேன், பூக்கடையில் மாலைக்குச் சொன்னேன். ஆறு மணி வந்து போயிற்று. எனக்கு வேலை இருந்தது.

மறுநாள் காலை மாலையும் கையுமாக ஆரணியில் இறங்கினோம். வாசற்படியில் தில்லையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, வெற்றிலைச் சிவப்பான வாய். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கீரைக் கையோடு வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அழுதீங்களாபா?" என்றார்.

பரசுராமன் அங்கேயே மறுபடியும் அழ ஆரம்பித்தான். அந்தம்மா அவன் தலையைத் தடவி, "போதும்பா, போதும். அவன் நல்லாத்தான் இருக்கறான்" என்றார். "போன வாரம் மில்லு வாசல்ல நின்னுக்கினு இருந்தப்ப ஒரு காக்கா அவன் தலை மேல உக்காந்துட்டு போச்சாம். லெட்டர்ல விளையாட்டா எழுதறான் பேமானி. காக்கா தலையில உக்காந்தா ஆயுசுக்கு ஆவாது. அதான் கார்டு."

எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. காக்கை தோஷத்துக்கு, ஆள் செத்துவிட்டான் என்று வெளியூருக்குப் பொய்த் தகவல் அனுப்புவார்கள். தகவல் போன இடத்தில் நிஜம் என்று நம்பி அழுதால், அந்த அழுகையோடு கண்டம் கழிந்துவிடும். மறுநாள் உண்மையை எழுதிப் போடுவார்கள். எங்கள் இரண்டாவது கார்டு நாங்கள் வந்த பஸ்ஸுக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல போன் இருக்குதேம்மா, பண்ணியிருக்கலாம்ல" என்றேன்.

"பெத்த புள்ளைய செத்துட்டான்னு சொல்ல எனக்கு எப்பிடிபா வாய் வரும்? கார்டுன்னா பேத்தி எழுதிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "கார்டு உன் பேருக்குதான் போட்டேன் பாச்சா. யார் பேருக்குப் போச்சோ அவங்க அழுதாதான் கணக்கு. நீ அழுதியா?"

"அழுதேம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, கை கழுவிக்கினு வாங்க" என்று உள்ளே போனார். பூண்டுக் குழம்பு வைத்திருந்தார். திரும்பும் பஸ்ஸில் விக்ரமும் பரசுராமனும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பெங்களூருக்குப் போன ஒன்பது வரியை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அன்றே சுகாசினிக்கு உண்மையை எழுதியிருக்கலாம். உட்கார்ந்தேன், எழுதத்தான் உட்கார்ந்தேன். மெயில் பெட்டியைத் திறந்தால் அவள் பதில் காத்திருந்தது. நாங்கள் தேர்வாகிவிட்டோம். நவம்பர் கச்சேரி முழுவதுமே உமாபதியின் நினைவுக்குச் சமர்ப்பணம். நான் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பரில் அவள் பத்திரிகை வந்தது. பாதிப் பக்கம் உமாபதியின் முகம். விக்ரம் அதை என் மேல் எறிந்தான். "உயிரோட இருக்கறவனப் போட்டோ போட்டு சாவடிச்சிருக்கறே, நீயெல்லாம் மனுஷனாடா? இப்பவே போன் பண்ணி சொல்லு" என்றான். பரசுராமன் பத்திரிகையை எடுத்துத் துடைத்து, ரொம்ப நேரம் படித்தான். "தப்புதான். ஆனா ஏழு வருஷத்துல ஒரு மேடைகூட நாம முழுசா வாசிச்சதில்ல விக்ரம்" என்றான். விக்ரம் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டோம்.

அதே மாதம் பரசுராமன் இன்னொரு செய்தியோடு வந்தான். சூரத்தில் உமாபதியின் இடது கை விரல் மெஷினில் மாட்டி நாலு தையல் போட்டிருக்கிறார்களாம். "ஒரு நூல் தள்ளியிருந்தா கையே போயிருக்குமாம்" என்றான்.

நான் தோஷத்தை நம்புகிறவன் இல்லை. குழுவுக்குப் பல்லிப் பெயர் வைத்தவன், எனக்கு எதிலும் பயம் கிடையாது என்று சொல்லித் திரிந்தவன். ஆனாலும் அன்று மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழ முயன்றேன். உயிரோடு இருக்கிறவனுக்காக அழுவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். உமாபதி செத்துவிட்டான், செத்துவிட்டான் என்று சொல்லிப் பார்த்தேன், அவன் சைக்கிளில் மூச்சு வாங்குவதுதான் நினைவுக்கு வந்தது, சிரிப்பு வந்தது. கீழே போய் அம்மாவிடம் வெங்காயம் கேட்டேன். "நம்மாத்துல என்னிக்குடா வெங்காயம் இருந்தது?" என்றாள். கடையில் வாங்கி வந்து நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது கணக்கில் சேராது என்று எனக்கே தெரிந்தது. அதன்பின் வாரம் ஒருமுறை சூரத்துக்குப் போன் போட்டேன். "உடம்பு எப்படி இருக்குது?" என்பேன். "என்னடா புதுசா?" என்று சிரிப்பான் உமாபதி.

பெங்களூர் மேடைக்கு என் இடது கை போதாது என்று பரசுராமனுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் அவனும் சூரத்துக்கு ஒரு போன் போட்டான். நவம்பரில் கச்சேரி, லீவு போட்டு வா என்று மட்டும் சொன்னான். நீ செத்துவிட்டாய் என்பதைச் சொல்லவில்லை. அதை நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தானாம்.

பெங்களூரில் ஒரு கல்லூரி மைதானம். சாயங்காலம் ஐந்து மணி. மேடையின் ஓரத்தில் மேஜை போட்டு, உமாபதியின் முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலையும் ஊதுவத்தியும் வைத்திருந்தார்கள். நானும் சுகாசினியும் அதன் பக்கத்தில் நின்றிருந்தபோது பேஸ் பையை முதுகில் மாட்டிக்கொண்டு உமாபதி வந்தான். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

சுகாசினி அவனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தம்பி" என்றேன். "உமாபதியோட தம்பி. சபாபதி. அண்ணன் இடத்துல இன்னிக்கு இவன்தான் வாசிக்கிறான்."

சுகாசினிக்குக் கண் கலங்கிவிட்டது. உமாபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணனை நான் பாத்ததே இல்ல. ஆனா ரொம்ப நல்லவர்னு தெரியும்" என்றாள்.

"நல்லவருதாங்க" என்றான் உமாபதி. "கொஞ்சம் பேச்சு கம்மி. சோறு நல்லா சாப்பிடுவாரு."

அவள் போனதும் என்னை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். வரலாறு, ஒன்பது வரி, பத்திரிகை எல்லாம்.

"எங்கம்மா எத்தினி பேருக்கு கார்டு போட்டுச்சு தெரியுமா?" என்றான். "உனக்கு ஒருத்தனுக்குதான். சொந்தக்காரங்க எவனும் எனக்காக அழமாட்டான், பாச்சா அழுவான், அது போதும்னு சொல்லிச்சு. விரல் மாட்டினப்பகூட நான் நெனச்சேன், நீ அழுததாலதான் விரலோட போச்சுன்னு." தழும்பு விழுந்த விரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. மெக்கானிக் அல்லவா, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவான். "கார்டு எப்ப வந்துச்சு?"

"மூணரை."

"மெயில் எப்ப அனுப்புன?"

"நாலரை."

"நடுவுல எப்ப அழுத?"

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து பேஸின் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மைக்கில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறினோம். இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். சுகாசினி உமாபதியைப் பற்றி என் ஒன்பது வரியைப் படித்துவிட்டு, எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டாள். மைதானம் அடங்கிவிட்டது. என் வலது பக்கம் உமாபதி தன் ஆத்மா சாந்தியடையக் கைகட்டித் தலைகுனிந்து நின்றான். இடது பக்கம் மாலை போட்ட உமாபதி இருந்தான். விக்ரம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். இவன் வராமல் இருந்திருந்தால் அந்தப் படம் ஒன்றுதான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்தக் கார்டு நிஜமாக இருந்திருந்தாலும் நான் அன்று இதையேதான் செய்திருப்பேன். அதே நாலரைக்கு அனுப்பியிருப்பேன், இதே மேடையில் இதே இடத்தில் நின்றிருப்பேன், நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

அழுகை முதலில் மூக்கில்தான் வந்தது. பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கீபோர்டின் மேல் கவிழ்ந்துகொண்டு, சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது. பரசுராமன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி காத்திருந்தான். உமாபதி தலையை நிமிர்த்தாமலேயே என் பக்கம் ஓரடி நகர்ந்து வந்தான்.

"நிறுத்திடாத" என்றான் மெதுவாக. "நான் நின்னுக்கினுதான் இருக்கேன். நீ அழு."

நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் மைதானத்தில் ஒருவர்கூட இருமவில்லை. அதன்பிறகு 'பாலாறு' வாசித்தோம், இருபத்து மூன்று நிமிஷமும், யாரும் நிறுத்தவில்லை. நாங்கள் முழுதாக வாசித்து முடித்த ஒரே மேடை அதுதான், கடைசி மேடையும் அதுதான். அடுத்த வருஷம் விக்ரமுக்குக் கல்யாணமாயிற்று, பரசுராமன் அப்பாவின் தொழிலுக்குப் போய்விட்டான். தொடக்கத்தில் நாலு நிமிஷம் ஒரு ஸ்வரமும் இல்லாமல் பாட்டை ஆரம்பித்த துணிச்சல் இந்த நாட்டில் வேறெந்தக் குழுவுக்கும் வராது என்று சுகாசினி எழுதினாள். அவளுக்கு உண்மையை எழுதிப் போட்டேன், அடுத்த மாதம்தான். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் உமாபதி ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து, ஆரணியில் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தான், எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

"அம்மா, பாச்சா அழுதுட்டாம்மா" என்றான். பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் முகம் மாறிற்று. ரிசீவரை என்னிடம் நீட்டினான். "உன்னக் குடுக்கச் சொல்லுது. அதுக்கு அன்னிக்கே தெரியுமாம். உன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சாம். அதுலேர்ந்து ராச்சோறு சாப்பிடறதில்லையாம். மூணு மாசமா."

நான் வாங்கிக் காதில் வைத்தேன். "அம்மா" என்றேன்.

"எவ்ளோ நேரம்பா அழுத?" என்றார் தில்லையம்மாள்.

"நாலு நிமிஷம்மா."

அந்தப் பக்கம் மனசுக்குள் எதையோ கூட்டிப் பார்க்கிறார் போலிருந்தது.

"போதும்பா" என்றார். "இன்னிக்கு ராத்திரி சாப்பிடறேன்."